கனடாக்காரனுக்குக் கிங்ஸ்பரியில் தீர்ப்பு

என் கணவர் லண்டனுக்கு வருமுன் பத்து வருடம் கனடாவில் இருந்தவர். அங்கிருந்து கொண்டுவந்த சொத்து, ஒரு பெட்டி நிறைய வீடியோ கசெட். எல்லாவற்றிலும் ஒரே ஆட்டக்காரன். அந்த நாட்டு ஃபுட்போலில் பந்தைக் காலால் தொடுவது அபூர்வம். குவாட்டர்பேக் என்கிறவன், அதாவது இவன், கையால் எறிவான், மற்றவர்கள் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். ஞாயிறுதோறும் நான் மீன் பொரிக்க, ஹோல் டீவியில் அவன் எறிந்துகொண்டேயிருப்பான். அவனை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது.

ஒருநாள் அவன் ஓய்வு பெற்றான். அவன் உண்மையில் பெரிய ஆட்டக்காரன்தானா என்று கனடா ரசிகர்கள் இணையத்தில் கிளறத் தொடங்கினார்கள். இவர் சாப்பாட்டையும் மறந்து அவர்களோடு மல்லுக்கட்டினார். அது போதாதென்று, கிங்ஸ்பரித் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாப் பட்டிமன்றத்துக்கு அதையே தலைப்பாகக் கொடுத்துவிட்டார். செயற்குழுவில் இருக்கிறார், யார் கேட்பது! ஆனால் அவனைத் தாக்கிப் பேச ஆளில்லை. லண்டனில் ஒரு தமிழருக்கும் அவனைத் தெரியாது. நடுவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவர் சொல்லிவிட்டார்: "அவன்ரை பிழையள் தெரிஞ்ச ஆள் நீர் ஒராள்தான். நீர் எதிரணி. மனுசி ஆதரிச்சுப் பேசட்டும்."

நான் முதலில் பேசினேன். மூக்குடைந்தும் ஆடினான், வேறு அணி கூப்பிட்டும் போகவில்லை என்று காதில் விழுந்ததையெல்லாம் அள்ளி விட்டேன். மரியாதைக்குக் கைதட்டினார்கள்.

இவர் எழுந்தார். கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. எந்த ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் பந்தை எதிரணியின் கையில் கொடுத்தான், எந்தக் குளிரில் தடுமாறினான், எப்போது விலகியிருக்க வேண்டும், எல்லாம் சொன்னார். மண்டபம் கொதித்தது. முன்வரிசை அம்மா ஒருவர், "இப்பிடிப்பட்டவனை ஏன் வைச்சிருந்தவங்கள்? கலைச்சு விட்டிருக்க வேணும்!" என்று கத்தினார்.

"அம்மா, அப்பிடிச் சொல்லாதேங்கோ!" என்று இவர் மேடையிலிருந்து பாய்ந்தார்.

"நீர் எதிரணி, இரும்!" என்றார் நடுவர். அவன் பெரிய ஆட்டக்காரன் இல்லை என்று தீர்ப்பு. இவருக்குப் பொன்னாடை.

பஸ்ஸில் அதைச் சுருட்டிக் காலடியில் போட்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "வெண்டிட்டியள். பிறகேன் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறியள்?"

"நான் சொன்னதெல்லாம் உண்மையப்பா," என்றார். "அவன் பிழை விட்ட நாளெல்லாம் நான் பாத்துக்கொண்டு இருந்தனான். கனடாவிலை நான் தனிய இருந்த அந்தப் பேஸ்மென்ற் அறைக்கு ஒவ்வொரு கிழமையும் அவனை விட்டால் வேறை ஆர் வந்தவை?"

இத்தனை வருடத்தில் அந்த அறையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஐயோ என்றிருந்தது எனக்கு. அந்த முன்வரிசை அம்மாமேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, தீர்ப்பை மாற்றச் சொல்லி வாத்தியார் வீட்டுக் கதவைத் தட்டியது நான்தான்.