பற்றவைத்த லாக் பின்

கொல்லிமலை இறக்கத்தில், ஒரு கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று மேலே பிரேக்கை மிதித்தேன். பின்னால் கட்டியிருந்த படகு டிரெய்லர் என் ஜீப்பை முன்னால் தள்ளியது. இரண்டாவது கியரில்தான் வந்தேன். மறுபடியும் மிதித்தேன். ஜீப் கட்டுப்பட்டது, டிரெய்லர் கட்டுப்படவில்லை. அது மடங்கி வந்து ஜீப்பைத் தடுப்புச் சுவரோடு வைத்து நசுக்கியது. என் வலது கால் முட்டிக்குக் கீழே நொறுங்கிப்போனது.

டிரெய்லர் ஓட்ட வரும் தம்பிகளுக்காக எழுதுகிறேன். பெரம்பலூரில் பைபர் படகுப் பட்டறை ஒன்றில் நான் டிரைவராக இருந்தேன். எங்கள் டிரெய்லரில் ஓவர்ரன் பிரேக். ஜீப் வேகம் குறைந்தால் டிரெய்லர் முன்னால் முட்டும், இரண்டையும் இணைக்கும் கப்ளிங் ராடு உள்ளே போகும், அந்த முட்டலிலேயே டிரெய்லர் பிரேக் பிடிக்கும். ரிவர்ஸ் எடுக்கும்போதும் இப்படிப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அப்போது மட்டும் ராடு உள்ளே போகாதபடி லாக் பின்னைச் சொருகுவோம். கிளம்பும்போது உருவிவிட வேண்டும், இல்லாவிட்டால் டிரெய்லருக்கு பிரேக்கே கிடையாது.

பட்டறை வாசல் குறுகல், எப்போதும் ரிவர்ஸில்தான் உள்ளே விட வேண்டும். சொருகி உருவுகிற நேரத்துக்குக்கூட முதலாளிக்குப் பொறுமை கிடையாது. நான் லீவில் இருந்தபோது, வெல்டர் முருகேசனை விட்டு அந்தப் பின்னின் தலையை வெட்டி, மிச்சத்தை உள்ளேயே பற்றவைத்து, மேலே பெயின்ட்டும் அடித்துவிட்டார்.

"ஆட்டோ ரிவர்ஸ் போட்டாச்சுய்யா. இனிமே பின்னெல்லாம் வேணாம்" என்றார். நம்பினேன். செந்துறைக்கும் குன்னத்துக்கும் ஓடியவரை பிரேக் இல்லாதது தெரியவே இல்லை. சமதரையில் எப்படித் தெரியும்? மலைமேல் இருக்கும் படகுத்துறையிலிருந்து பழுதான படகை இறக்கியபோதுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரிக்கு முருகேசன் சாத்துக்குடியோடு வந்தான். தலை நிமிரவில்லை.

"அண்ணே, நசுங்குன வண்டியிலேருந்து படகை இறக்கணும்னு சொல்லி மொதலாளி என்னைக் கூட்டிட்டுப் போனாரு. பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டி பாக்க வர்றதுக்குள்ள வெல்டிங்க அறுத்து எடுத்துட்டோம்."

"அத இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லுடா."

"என் வூட்ட நெனச்சுப் பாருங்கண்ணே."

என் வீட்டை யார் நினைத்துப் பார்ப்பது? இன்ஸ்பெக்டர் பார்த்தபோது டிரெய்லர் பிரேக் ஒழுங்காக வேலை செய்தது. முதலாளி என் மனைவியை வைத்துக்கொண்டே அவரிடம் சொன்னாராம்: "நியூட்ரல்ல விட்டுருப்பான் சார். டீசல் மிச்சம் புடிக்கிற பழக்கம்."

லைசென்ஸ் போனது, வேலையும் போனது. இப்போது குன்னத்தில் ஒரு மக்காச்சோளக் குடோனுக்கு வாட்ச்மேன்.

தம்பிகளா, மலையேறும் முன் கப்ளிங் ராடைக் கையால் தள்ளிப் பாருங்கள். உள்ளே போய் வந்தால்தான் பிரேக் உண்டு. யார் என்ன சொன்னாலும் தள்ளிப் பாருங்கள். தள்ளும்போது சாட்சிக்குச் செல்போனில் படமும் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

போன வாரம் டீக்கடையில் ஒரு புது டிரைவர் என் காலைப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"அண்ணே, மலையில நியூட்ரல்ல விட்டு மோதுனது நீங்கதானே?"