இறங்காத கோடு

ஆலையில் அவளுக்குப் பெயர் கோடு அக்கா. வீட்டில் எண்ணெய் டின்னிலிருந்து பினாயில் பாட்டில் வரை எல்லாவற்றிலும் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைப்பாள். எவ்வளவு இறங்கியது என்று தெரியாமல் இருந்தால் அவளுக்குத் தூக்கம் வராது. என் தலையிலும் ஒரு கோடு போடேன், முடி எவ்வளவு கொட்டுகிறதென்று பார்க்கலாம் என்பான் கணவன். அதைத் தலையணை உறையே சொல்கிறது என்பாள்.

மாமியாரின் கண் ஆபரேஷனுக்காக இரண்டு நாள் லீவு போட்டு, சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தவள், மூன்றாம் நாள் காலை வேலைக்கு வந்தாள். உப்புத் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலை. நேரே நீல டிரம்மிடம் போனாள். உப்பை வடிகட்டும் மெம்பிரேன் சவ்வில் சுண்ணாம்பு படியாமல் இருக்க, தண்ணீரோடு சொட்டுச் சொட்டாகப் போகவேண்டிய மருந்து அதில் இருந்தது. லீவுக்கு முன் போட்ட கோட்டை விட்டு அது ஒரு நூல்கூட இறங்கவில்லை.

மருந்து பம்ப் டிக் டிக்கென்று ஒழுங்காகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. குழாயைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே வெறும் காற்று.

அவளுக்குப் பதிலாக இருந்தவனைச் 'சரிங்க' என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். எதைச் சொன்னாலும் சரிங்க என்பான். நோட்டிலும் இரண்டு நாளைக்கும் வரிசையாகச் சரி, சரி என்றே எழுதியிருந்தான்.

"சத்தம் கேட்டுச்சேக்கா. மருந்து குறையலன்னதும் மிச்சம்னு நினைச்சேன்."

"வாய் மென்னா வயிறு நிறைஞ்சிடுமா? உள்ள போச்சான்னு பார்க்க வேணாம்?"

நல்ல தண்ணீர் வரும் வேகத்தைக் காட்டும் மிதவை அவள் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே கிடந்தது. சுண்ணாம்பு படிய ஆரம்பித்துவிட்டது. மேனேஜருக்குப் போன் போட்டாள். ஊர்த் தொட்டி பாதிதான் நிரம்பியிருக்கிறது, சாயங்காலம் வரை ஓட்டு என்றார் அவர்.

"இப்ப நிறுத்தினா அரை நாளைக்குத் தண்ணி இல்ல சார். நிறுத்தலன்னா புது மெம்பிரேன் வர்ற வரைக்கும் இல்ல. ஒன்றரை மாசம். எது வேணும், சொல்லுங்க."

நிறுத்து, உன் பொறுப்பு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

வெதுவெதுப்பான தண்ணீரில் சிட்ரிக் ஆசிட் கலந்து மெம்பிரேனுக்குள் சுற்ற விட்டாள். ஆசிட் சுண்ணாம்பைத் தின்றால் அதன் புளிப்பு குறைந்து, pH மீட்டரில் எண் ஏறும். படிந்தது ஆசிட்டுக்குக் கரையாத கல்லாக இருந்தால் எண் அசையாது. இரண்டில் நின்றது. பத்து நிமிடம், இருபது நிமிடம், இரண்டுதான். மீட்டர் கெட்டுப்போயிருக்கக் கூடாதா என்றுகூட வேண்டினாள்.

அந்த நேரம் பார்த்து மாமியார் போன்.

"உன் புருஷன் மருந்தைக் கண்ணைத் தவிர எல்லா இடத்துலயும் விடுறான்மா. கன்னம் நல்லா குளிர்ச்சியா இருக்கு."

"இமையைப் பிடிச்சுக்கிட்டு விடச் சொல்லுங்க அத்தை. சொட்டு உள்ள விழறதைப் பார்க்கச் சொல்லுங்க" என்றாள். கண் மீட்டரை விட்டு நகரவில்லை.

இரண்டு புள்ளி ஒன்று. புள்ளி மூன்று. மூன்று. அவளுக்கு மூச்சு வந்தது. இன்னும் ஆசிட் போட்டாள், எண் இரண்டுக்கு இறங்கி மறுபடி ஏறியது. மூன்றாவது தடவை போட்டபோது எண் ஏறவில்லை. தின்ன ஒன்றும் பாக்கியில்லை.

கழுவிவிட்டு, ஓட்டுவதற்கு முன் மருந்துக் குழாயில் இருந்த காற்றை வெளியேற்றி, அதன் முனையைக் கழற்றி 'சரிங்க' கையில் கொடுத்தாள். சொட்டு விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மாட்ட விட்டாள்.

மதியத்துக்கு மேல் தண்ணீர் ஓடியது. மிதவை ஏறி, பழைய கோட்டுக்கு அரை விரல் கீழே நின்றுவிட்டது. தட்டிப் பார்த்தாள். அந்த அரை விரல் இனி வராது. பழைய கோட்டை அழிக்காமல் கீழே புதுக் கோடு ஒன்று போட்டாள்.

அவன் நோட்டைத் திறந்து 'ச' என்று ஆரம்பித்தான்.

"எண்ணை எழுது" என்றாள்.

அந்த எழுத்தை அடித்துவிட்டு, மிதவை காட்டிய எண்ணை எழுதினான்.