திரைக்குக் கீழே போன பொத்தான்

எந்தத் தீவு என்று சொல்லமாட்டேன். அந்த அக்காவுக்கு நான் செய்த வேலையே போதும்.

கரம்பொன்னில் வீட்டிலிருந்தபடி, யாழ்ப்பாண நகரத்துச் சிறு நிறுவனமொன்றுக்கு மென்பொருள் எழுதுகிறவள் நான். போன வருடம் அந்தத் தீவின் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு உறுப்பினர் பதிவுப் படிவம் செய்து கொடுத்தேன். பெயர், படகு இலக்கம், வலை வகை என்று வரிசையாகப் பெட்டிகள். அடியில் 'சேமி' என்றொரு பொத்தான். ஒவ்வொன்றும் திரையில் எங்கே நிற்கவேண்டும் என்று அளந்து, ஆணி அடித்தது போல் வைத்தேன். யாரும் இழுத்துக் குலைத்துவிடக்கூடாதென்று படிவம் திறக்கிற சாளரத்தின் அளவையும் பூட்டினேன். என் பெரிய திரையில் அது அவ்வளவு வடிவாக இருந்தது.

இரண்டாம் கிழமையே சங்கத்தின் எழுதுவினைஞர் தொலைபேசியில் வந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்.

"பிள்ளை, எல்லாம் அடிச்சுப்போட்டன். சேமிக்கிறது எங்கை?"

"கீழை பச்சைப் பொத்தான் இருக்கு அக்கா. அதை அமத்துங்கோ."

"கீழை ஒண்டும் இல்லையே."

"இருக்கு அக்கா! வடிவாப் பாருங்கோ."

மூன்று நாள் இதே கதை. நான்காம் நாள் எனக்கு விசர் வந்துவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று முணுமுணுத்தபடி சங்கத் தலைவருக்கு ஒரு மின்னஞ்சல் தட்டினேன்: 'மென்பொருளில் பிழை இல்லை. பாவிப்பவருக்குக் கணினி அறிவு போதாது.' தட்டியபோது நல்ல சுகமாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

அதன்பிறகு அந்த அக்கா தொலைபேசி எடுக்கவில்லை. மூன்று கிழமையாகியும் ஒரு பதிவுகூட வந்து சேரவில்லை என்று என் மேலாளர் துரத்தியதில், கொதித்துக்கொண்டு படகேறினேன். அந்த மனிசியின் கையைப் பிடித்துப் பொத்தானை அமத்திக் காட்டிவிட்டு வருவது என்றுதான் போனேன்.

அவர் எழும்பிக் கதிரையைத் தந்தார். இருந்து பார்த்தேன். பொத்தான் இல்லை.

பழைய, சிறிய திரை. பார்வை மங்கியதால் எழுத்தைப் பெருப்பித்து வைத்திருந்தார். எழுத்தோடு சேர்ந்து சாளரமும் பெருத்து, அடி வரி திரையின் விளிம்புக்குக் கீழே போய்விட்டது. சிறுப்பிக்கவும் வழியில்லை, உருட்டிப் பார்க்கவும் வழியில்லை. பூட்டியவள் நான். இடத்துக்கு ஏற்றபடி விரிந்து சுருங்குகிற மாதிரிப் பெட்டிகளை அடுக்கவேண்டும் என்பது முதல் வருடப் பாடம். அந்த நேரம் யாராவது என் கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால் வாங்கியிருப்பேன்.

ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் சரி. பொத்தான் வந்து நின்றது. அவர் அதைப் பார்த்துவிட்டு, மேசை லாச்சியைத் திறந்து ஒரு கடிதத்தை நீட்டினார்.

"இந்த மாசத்தோடை என்னை வேலையாலை நிப்பாட்டுகினம்."

காரணம் எழுதியிருந்த இடத்தில் என் வசனம், ஓரெழுத்து மாறாமல்.

"உதை ஆர் எழுதினதெண்டு தெரியுமோ?"

"நான்தான் அக்கா."

அவர் கடிதத்தைத் திரும்ப வாங்கி எனக்கு முன்னால் மேசையில் விரித்து வைத்தார்.

"ஒவ்வொரு சனமும் மூண்டு தரம் வந்து அதே விவரத்தைச் சொல்லிச்சுது. அவைக்கு முன்னாலை நான் மொக்கு மாதிரி முழுசிக்கொண்டு இருந்தனான். இப்ப உதிலையே இருந்து உதையும் திருத்தி எழுதும்."

அங்கேயே இருந்து சங்கத் தலைவருக்கு எழுதினேன். பிழை என்னுடையது, அவருடையது அல்ல என்று. "உம்மை ஆர் உப்பிடி எழுதச் சொன்னது?" என்று மேலாளர் குதித்தார். குதிக்கட்டும் என்று விட்டேன். இரண்டு நாளில் சங்கத்திலிருந்து பதில் வந்தது: நன்றி, அந்த இடத்துக்கு ஏற்கெனவே வேறு ஆள் எடுத்தாயிற்று.

எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம்கூட வரவில்லை. அடுத்த சங்கத்துக்கான படிவத்தையும் என்னிடமே தந்தார்கள்.