காற்புள்ளிக்கு முன்னால் அழுகிறவர்கள்

ஒரு ஊரிலே ஒரு வசனம் இருந்ததாம். அதுக்குத் தலை ஒருத்தனுடையதாம், உடம்பு இன்னொருத்தனுடையதாம், இரண்டையும் பொருத்திவைக்க மாதச் சம்பளத்துக்கு ஒரு பொடியனைப் பிடித்தார்களாம். அந்தப் பொடியன் நான். கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தில், வெளிக்களத்தில் இருந்து வரும் ஆங்கில அறிக்கைகளைத் திருத்தி வெளிநாட்டுக்கு அனுப்புவது என் தொழில்.

அடுத்தவர் ஆங்கிலத்தைத் திருத்திச் சோறு தின்னும் சக பாவிகளே, உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆங்கில வசனத்தின் வாசலில் சில வேளை ஒரு துண்டு வந்து நிற்கும், 'வயலுக்குப் போகும்போது' என்பது போல. பிறகு ஒரு காற்புள்ளி. காற்புள்ளியைத் தாண்டியதும் முதலில் எவர் நிற்கிறாரோ, அவர்தான் வயலுக்குப் போனவர். அது அவர்களுடைய சட்டம். நமக்கு அப்படியா? 'வயலுக்குப் போகேக்க நாய் கடிச்சுப் போட்டுது' என்றால், நாய் எதற்கு வயலுக்குப் போனது என்று வன்னியில் ஒருவரும் கேட்பதில்லை. என் அம்மப்பா கதை சொன்னால் ராசாவை முதலில் கதிரையில் இருத்திவிட்டுத்தான் வேட்டைக்கு அனுப்புவார். எங்கள் அறிக்கைகளில் வேட்டை முதலில் புறப்பட்டுவிடும்; ராசாவின் கதிரையில் யார் ஏறி இருப்பார் என்று கடவுளுக்கும் தெரியாது.

இப்படி நான் திருத்திய வசனங்களில் ஒன்றே ஒன்றில் மட்டும் சிலரின் பிழைப்புத் தொங்கியது. கொக்கிளாயில் நண்டு பிடிக்கும் பெண்களுக்கு ஓர் ஐஸ் அறை கிடைக்குமா, கிடைக்காதா என்பது அந்த வசனத்தில் இருந்தது. அதற்கு வருகிறேன். முதலில் கொஞ்சம் சிரித்துக்கொள்ளுங்கள், பிறகு நேரம் வராது.

தீன் தின்ற அதிகாரி

எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர் ரூபன் அண்ணை. நல்ல மனுசன். ஆங்கிலத்தை மாட்டு வண்டிபோல் ஓட்டுவார். ஊர் போய்ச் சேரும், பாதையைப் பற்றிக் கேட்கக் கூடாது. செட்டிகுளத்தில் கோழி வளர்ப்புத் திட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து அவர் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'கொடுத்த தீனையெல்லாம் தின்று முடித்து நன்றாகக் கொழுத்திருந்ததால், கால்நடை அதிகாரி மிகவும் மகிழ்ச்சியடைந்தார்.'

"அண்ணை, இதில தீனைத் திண்டது அதிகாரி எண்டெல்லோ வருது" என்றேன். அவர் வசனத்தை ஒருமுறை வாசித்தார். சிரிக்கவில்லை. "நீ அந்தாளைக் கண்டதில்லை, தம்பி. கண்டிருந்தால் இதைத் திருத்த மாட்டாய்."

திருத்தக் கூடாத வசனம்

அலுவலக மோட்டார் சைக்கிள் ஒரு திங்கட்கிழமை பொலிஸ் நிலையத்தில் நின்றது. அது அங்கே எப்படிப் போனது என்று ரூபன் அண்ணை எழுத்தில் விளக்கவேண்டி வந்தது. விளக்கினார்: 'கலியாண வீட்டில் அளவுக்கு மிஞ்சிக் குடித்துவிட்டு மதகடியில் படுத்து உறங்கியதால், பொலிஸ் உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளை எடுத்துச் சென்றார்.'

இப்படியான இடங்களில் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பது. அதையும் மெல்லத்தான் கேட்பேன், எனக்குச் சத்தம் போட வராது. "ஆர் அண்ணை குடிச்சது?" அவர் பாய்ந்து வந்து கடதாசியின் மேல் உள்ளங்கையை வைத்தார். "அதை அப்பிடியே விட்டிடு, ராசா. நீ திருத்தினால்தான் நான் குடிச்சனான் எண்டு வரும்."

ஊர் திரும்பிய மலசலகூடங்கள்

எங்கள் இணைப்பாளரை எல்லோரும் 'சேர்' என்போம். வசனம் வெறுந்தலையோடு வெளியே போகக்கூடாது என்பது அவருடைய கொள்கை. எதை எழுதினாலும் முன்னால் ஒரு துயரத்தை மாலையாகப் போட்டுத்தான் அனுப்புவார். ஒரு முறை அவர் எழுதினார்: 'பலமுறை இடம்பெயர்ந்து, முகாம்களில் சொல்லொணாத் துன்பம் அனுபவித்து, இறுதியில் சொந்த ஊருக்குத் திரும்பியதும், மலசலகூடங்கள் கட்டப்பட்டன.'

"சேர், காற்புள்ளிக்குப் பிறகு சனங்கள் வரவேணும். இல்லாட்டி மலசலகூடங்கள் இடம்பெயர்ந்து திரும்பி வந்ததா வெளிநாட்டுக்காரர் நினைப்பினம்" என்றேன். சேர் கண்ணாடியைக் கழற்றினார். நான் பகிடி விட்டதாக நினைத்தாரோ என்னவோ, முகத்தில் வேறு ஏதோ வந்து போனது. "கூரை ஓட்டைக் கழட்டி உழவு மெசின்ல ஏத்தினம். கதவைக் கழட்டினம், நிலையைக் கழட்டினம், கிணத்துக் கப்பியைக்கூட விடேல்ல. வன்னியில இடம்பெயராதது எண்டு ஒண்டைச் சொல்லு, பாப்பம்."

விதவையான ஐஸ் அறை

இனிக் கொக்கிளாய். கடல் நீர் தேங்கும் களப்பில் வலை வைத்து நண்டு பிடிக்கும் பெண்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். தலைவி ஜெசிந்தா அக்கா. அந்தக் கரையில் ஐஸ் கிடையாது. வெயில் ஏற ஏற நண்டு சாகத் தொடங்கும். செத்த நண்டுக்கு வியாபாரி சொன்னதுதான் விலை. மோட்டார் சைக்கிளில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு வருகிறவன் அவன் ஒருவன்தான். ஓர் ஐஸ் அறை இருந்தால் நண்டை ஒரு நாள் வைத்திருந்து முல்லைத்தீவுக்குக் கொண்டுபோய் விலை பேசலாம். கேட்டது அவ்வளவுதான். அதற்குச் சேர் எழுதிய முதல் வசனம்: 'கடலில் கணவனைப் பறிகொடுத்து, கண்ணீரில் காலம் கழிப்பதால், ஐஸ் அறை ஒன்று தேவைப்படுகிறது.'

ஐஸ் அறை விதவையாகி நின்றது. நான் காற்புள்ளிக்குப் பின்னால் ஜெசிந்தா அக்காவைக் கொண்டுவந்து நிறுத்தினேன். வசனம் சுத்தம். கையெழுத்து வாங்கமுன் வாசித்துக் காட்டுவோம் என்று ரூபன் அண்ணையோடு பிக்கப்பில் போனேன். அக்கா வலையில் இருந்து நண்டைக் கழற்றிக்கொண்டிருந்தா. தமிழில் சொன்னேன். கை நின்றது.

"ஆர் தம்பி இந்தப் பொம்பிளை?"

"நீங்கள்தான், அக்கா."

"நான் அழுது நீ எங்க கண்டனி?"

பக்கத்தில் இருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இவா மற்றாக்களை அழப்பண்ணுறவா, தம்பி. அதை எழுது!" என்றாள் ஒருத்தி. வெளிநாட்டுக்காரருக்கு விளங்கவேண்டும் என்று நான் இழுத்தேன். ஜெசிந்தா அக்கா சிரிக்கவில்லை. "நீ ஐஸ் கேட்டு எழுத வந்தனியெல்லோ? அதைக் கேள். அவர் கல்லறையில நிம்மதியாக் கிடக்கிறார், அவரை ஏன் போய் எழுப்புறாய்?"

இலக்கணம் சரி

திரும்பி வந்து வேறு மாதிரி எழுதிக் கொடுத்தேன்: 'விடியமுதல் களப்பில் இறங்கி, ஜெசிந்தாவும் சங்கத்துப் பெண்களும் நண்டு பிடிக்கிறார்கள், அது பழுதாகாமல் இருக்க ஓர் ஐஸ் அறை கேட்கிறார்கள்.' சேர் அதை உப்பில்லாத சொதியைக் குடித்தவர் மாதிரி வாசித்தார். "நண்டு பிடிக்கிறவளுக்கு ஆரடா காசு தருவான்?" கணவனும் கண்ணீரும் பழைய இடத்துக்கு வந்தன.

"அவா அது வேண்டாமெண்டவா, சேர்."

"அவாவுக்கு ஐஸ் அறை வேணுமோ, வேண்டாமோ?"

"வேணும், சேர்."

"அப்ப கேள். புருசனை இழந்தது ஜெசிந்தா. காற்புள்ளிக்குப் பிறகு நிக்கிறதும் ஜெசிந்தா. நீயே திருத்தினது. இலக்கணத்தில பிழையிருந்தாச் சொல்லு, இல்லாட்டிப் போய்த் தேத்தண்ணியைக் குடி."

பெட்டி வந்தது

நிதி தரும் அம்மணியிடமிருந்து பதில் வந்தது. அந்தத் தொடக்கத்தைத் தாண்டி வாசிக்க முடியாமல் கண் கலங்கிவிட்டதாம். உண்மையாகவே தாண்டவில்லை போலும். ஐஸ் அறை காற்புள்ளிக்கு அந்தப் பக்கம் நின்றது. இவ்வளவு பெரிய துயரத்துக்கு ஐஸ் அறை எந்த மூலைக்கு என்று, அதற்குப் பதிலாக மனம் ஆற்றும் பட்டறை ஒன்றுக்கு நிதி ஒதுக்கியிருந்தார். சேர் அந்தப் பதிலை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினார்.

பட்டறை மாதா கோயில் மண்டபத்தில். பிக்கப் வந்து நின்றதும் ஜெசிந்தா அக்கா ஓடிவந்தா. "என்ன, ஐஸ் பெட்டியோ?" ரூபன் அண்ணை இறக்கியது இரண்டு பெட்டிகள். ஒன்றில் கண் துடைக்கும் டிஷ்யூ, மற்றதில் நிறப் பென்சில்கள். விசயத்தைச் சொல்லும் வேலையை என்னிடம் விட்டுவிட்டு அவர் பிக்கப்பின் ரயரைக் குனிந்து ஆராயத் தொடங்கினார். நான் சொன்னேன். அக்கா கொண்டுவந்த நண்டுக் கூடையை மண்டபத்து நிழலில் வைத்து, ஈரச் சாக்கால் மூடிவிட்டு, உள்ளே போய் இருந்தா. மற்றவர்களும் இருந்தார்கள்.

கொழும்பில் இருந்து வந்த பயிற்றுநர் இளம் பெண். மனசில் கள்ளமில்லாத பிள்ளை. கதிரைகளை வட்டமாகப் போட்டாள். "எல்லாரும் கண்ண மூடுங்க. மெதுவா மூச்சு எடுங்க. உங்களுக்குப் பாதுகாப்பான ஒரு இடத்த நினைங்க" என்றாள். எல்லாரும் மூடினார்கள். மண்டபம் அமைதியானது. வெளியே வியாபாரியின் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடித்தது.

ஒரு கண் திறந்தது. பிறகு எல்லாக் கண்ணும் திறந்தன. ஒருவர் பின் ஒருவராக எழும்பி, மன்னிப்புக் கேட்கிற மாதிரித் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார்கள். கடைசியாக எழும்பியவ ஜெசிந்தா அக்கா. "அம்மா, இன்னும் முடியல்ல. கொஞ்ச நேரம் கண்ண மூடிட்டு இருங்க" என்று அந்தப் பிள்ளை கெஞ்சியது. அக்கா அதன் தோளில் தட்டினா.

"உன்னில கோவமில்லை, தங்கச்சி. நாங்கள் கண்ணை மூடினால் அவன் தராசில கை வைப்பான்."

சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலுக்குள் இறங்கிப் போய்விட்டா.

முன்னால் வரும் துண்டைச் சரியான ஆளின் மேல் ஒட்டுவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அந்த ஆள் வேண்டாம் என்றால் கழற்றுவதற்கு எந்தத் திட்டத்திலும் இன்னும் நிதி ஒதுக்கவில்லை.