பானை இல்லாத மூடி

சென்ற சனிக்கிழமை காலை போன் வந்தது. சோழவந்தான் பக்கம் எங்கள் ஊர்த் தேவாலயத்தில் முப்பது வருடம் மணியடித்த தேவசகாயம் அண்ணன் இறந்துவிட்டார் என்று அவர் மகள் ரூபி சொன்னாள். துக்கமணி அடித்தார்களா என்று கேட்டேன். அன்று ஊரில் நிலபுலம் உள்ள பெரிய வீட்டுப் பேத்திக்கு அதே கோயிலில் கல்யாணமாம். துக்கமணி அடிக்கக் கூடாது என்று கோயில் கமிட்டியில் சொல்லிவிட்டார்களாம். நாகமலை புதுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறினேன்.

ஊரில் யார் செத்தாலும் கயிற்றைப் பிடித்தவர் அவர்தான். ஓர் அடி, சத்தம் அடங்கும்வரை காத்திருந்து அடுத்த அடி. பெரிய வீட்டுச் சாவு ஒன்றுக்குக் கூடுதல் நேரம் அடிக்கச் சொன்னபோது, "செத்தவுக எல்லாருக்கும் ஒரே அடிதான்" என்று கயிற்றை விட்டுவிட்டு வெளியே வந்தவர்.

அந்த மணியின் விளிம்பில் பெரிய வீட்டுத் தாத்தாவின் பெயர் வார்க்கப்பட்டிருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில், கோயிலின் நூற்றாண்டு மலருக்கு மணியின் வரலாற்றை எழுதியது நான். கோபுரத்தில் ஏறி அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு, 'அன்னாரின் தாராள நன்கொடை' என்று எழுதி முடித்தேன். கல்லூரி வாத்தியார் எழுதினால் யார் மறுக்கப் போகிறார்கள்?

தேவசகாயம் அண்ணன் மறுத்தார். அச்சுக்குப் போகுமுன், ஒரு வெண்கலப் பானையின் மூடியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவர் தாத்தா காலத்தில் பழைய மணி விரிசல்விட்டு, புதிது வார்க்க வெண்கலம் தேவைப்பட்டபோது, அவர் தெருவில் வயல்கூலிக்குப் போன ஒவ்வொரு குடும்பமும் கல்யாணத்துக்கு வந்த ஒரே வெண்கலப் பானையைக் கொடுத்ததாம். அதையெல்லாம் மதுரைக்கு ஏற்றிப்போக வண்டி கொடுத்தது மட்டும்தான் பெரிய வீடு.

"எங்க தெருவுல வீட்டுக்கு வீடு மூடி இருக்கும், பானை இருக்காது. அம்புட்டும் பேரு வெட்டுன பானை சார். உருக்குனா பேரும் சேந்துதான உருகிப்போகும்?" என்றார்.

காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். காகிதம் இல்லாமல் அச்சில் போட முடியாது என்று சொல்லிவிட்டேன். உண்மைக் காரணம் அதுவல்ல. மலர்க் கமிட்டித் தலைவர் பெரிய வீட்டுக்காரர். அவரைப் பகைத்துக்கொள்ள எனக்குப் பயம். அண்ணன் மூடியை மறுபடி துண்டில் சுற்றினார். "சரி, நீங்க எழுதுங்க. நான் அடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சென்ற சனிக்கிழமை நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது கல்யாண விருந்து நடந்துகொண்டிருந்தது. கமிட்டிக்காரரிடம் கோபுரச் சாவி கேட்டேன். விருந்து முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். அங்கேயே சத்தம் போட்டிருக்கலாம். இந்த முறையும் வாயை மூடிக்கொண்டேன். மணிச் சத்தம் இல்லாமலே அவரை அடக்கம் செய்தோம். ஊர்க்காரர்களே, நம் எல்லார் வீட்டுச் சாவுக்கும் மணியடித்தவர் அவர். அவருக்காக நம்மில் ஒருவர்கூட அந்தக் கயிற்றைத் தொடவில்லை.

கல்லறையிலிருந்து திரும்பியதும், ரூபி அந்தத் துண்டுப் பொட்டலத்தை என் கையில் வைத்தாள்.

"நீங்க காகிதம் கேட்டீங்களாம்ல. அப்பா இதக் குடுக்கச் சொன்னாரு."

மூடி இப்போது என்னிடம் இருக்கிறது. அதிலும் அண்ணனுடைய தாத்தாவின் பெயரை வெட்டியிருக்கிறார்கள். மலரில் நான் போடாத அந்தப் பெயரை இங்கே போடுகிறேன்: மு. யாக்கோபு. இதற்கும் என்னிடம் காகிதம் இல்லை.