டிக்கியில் ஏறிய தெர்மோகோல் பெட்டி

மகள் ஆராய்ச்சி செய்வது ஈஸ்டில். பன்னைப் பொங்க வைக்கும் அதே ஈஸ்ட்தான். அதன் செல்லுக்குள் சரக்கைச் சின்னச் சின்னப் பைகளில் கட்டி ஓரத்துக்கு அனுப்புகிற வேலை நடக்கிறதாம். அந்த வேலைக்கான ஒரு ஜீனை அடியோடு எடுத்தால் ஈஸ்ட் செத்துப்போகும். அதனால் அரைகுறையாகக் கெடுத்து வைத்திருக்கிறாள். குளிர்ச்சியில் பிழைத்துக்கொள்ளும், சூடு ஏறினால் பைகள் உள்ளேயே தேங்கிச் செத்துவிடும். இதை எங்கள் ஊரான உச்சிப்புளி வெயிலில் எப்படி வளர்ப்பது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நான் பேசக் கூச்சப்படுகிறவன்.

கல்லூரியில் ஏசி பழுதாகிவிட்டது. பல மாத உழைப்பு, இன்னும் மாற்றுப் பிரதிகூட எடுத்து வைக்கவில்லை என்று புலம்பியபடி, ஈஸ்ட் வளரும் தட்டுகளைத் தெர்மோகோல் பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். ஏசி இருக்கும் ஒரே அறையில் வைத்தோம். மறுநாள் கமுதிப் பக்கமிருந்து பெண் பார்க்க வந்தார்கள்.

கடலில்லாத மேற்கேயிருந்து விருந்தாளி வந்தால், போகும்போது ஐஸ் போட்டு ஒரு பெட்டி மீன் கொடுத்தனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். சீலா மீன் வாங்கி, அதே மாதிரித் தெர்மோகோல் பெட்டியில் போட்டுக் கொல்லைப்பக்கம் வைத்திருந்தேன். கிளம்பும் நேரத்தில், மாப்பிள்ளையின் தாய்மாமன் உரிமையோடு ஏசி அறைக்குள் போய், மகளின் பெட்டியைத் தூக்கிவந்து, வெயிலில் நின்ற காரின் டிக்கியில் ஏற்றிவிட்டார்.

“மீனுக்கு ஏசி போட்டு வச்சிருக்கீக பாருங்க, அதுதாண்ணே மருவாதி!”

மகள் உள்ளே மாப்பிள்ளையின் அம்மாவிடம் மாட்டியிருந்தாள். மாமன் டிக்கியை மூடப்போனார். மூடினால் அது அடுப்பு. குறுக்கே கையை விட்டேன்.

“அது மீனில்ல. ஈஸ்ட்டு.”

“கேக்குப் போடுறீகளா?”

“மக ஆராய்ச்சி. சூடு பட்டாச் செத்துரும். உள்ள ஒரு ஜீனு கெட்டுருக்கு.”

“கெட்டதச் சரி பண்றாகளாக்கும்?”

“இல்ல. நல்லா இருந்ததக் கெடுத்ததே அவதான்.”

அவர் மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். “ஏலே, கேட்டியா?”

“கெடுத்துப் பாத்தாத்தான் அது என்ன வேலை செய்யுதுன்னு தெரியுமாம்,” என்றேன். வெளியாளிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே பெட்டியை இறக்கி உள்ளே கொண்டுபோனார். பிறகுதான் சீலா ஏறியது.

மறுநாள் மகள் தட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

“எல்லாம் உசுரோட இருக்குய்யா.”

அந்தச் சந்தோஷத்தில் மாப்பிள்ளை பற்றி மெல்லக் கேட்டேன்.

“அது கெடக்கட்டும். பெட்டிய யாரு, எப்பிடித் தூக்குனாக? சாய்ச்சாகளா?”

“மாமன்தான் சாய்ச்சாரு. அந்தப் பையன் நேராப் பிடிச்சுத்தான் கொண்டுவந்தாரு,” என்று சொல்லிவைத்தேன்.