மகளுக்கு வராத முட்டிவலி

நம் நாட்டுப் பெண்கள் கூடைப்பந்து அணி வெளிநாட்டில் கோப்பையை வென்ற அன்று, ஆவடியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், தண்ணீர்ச் சொம்பின்மேல் கைபேசியைச் சாய்த்துவைத்து நானும் மகளும் இறுதி ஆட்டத்தைப் பார்த்தோம். அணியில் ஒருத்தி அண்ணனூர்ப் பெண். பள்ளி நாட்களில் என் மகளோடு ஒரே திடலில் ஆடியவள். ஆட்டம் முடிந்ததும் மகள் துள்ளி எழுந்து கத்தினாள். எனக்குக் கை தட்ட வரவில்லை.

காரணத்தை என் கணவரிடம்கூட நான் சொன்னதில்லை.

மகள் பதினொன்றாம் வகுப்பு முடித்த கோடையில், மாநில அணிக்கான பயிற்சி முகாமுக்கு இவளையும் அந்த அண்ணனூர்ப் பெண்ணையும் அனுப்பப்போவதாக அவர்களின் கோச் என்னிடம்தான் முதலில் சொன்னார். எங்கள் குடியிருப்பில் மற்ற பிள்ளைகள் அப்போதே பன்னிரண்டாம் வகுப்பு டியூஷனுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று. வேண்டாம் என்று மகளிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். அழுவாள், சண்டை போடுவாள், அப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள் என்று பயந்தேன். தெரிந்த டாக்டரிடம் கெஞ்சி, முட்டியில் ஜவ்வு கிழிந்திருப்பதாகச் சான்றிதழ் வாங்கிக் கோச்சிடம் கொடுத்தேன். "அவகிட்ட இதப் பத்திக் கேக்காதீங்க சார், ஒடஞ்சு போயிடுவா" என்றும் சொன்னேன். நல்ல மனிதர். கேட்கவே இல்லை. விடுமுறை என்பதால் திடலில் பயிற்சியும் அப்போது இல்லை.

பட்டியல் வந்தது. அவள் பெயர் இல்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்துவிட்டு, "நான் குள்ளம்மா, அதான் எடுக்கல" என்றாள். ஷூவை அவளே பையில் கட்டிப் பரணில் போட்டாள். எல்லாம் நல்லதுக்குத்தான் என்று அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். அந்தக் கையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

இப்போது மகள் அம்பத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். கோப்பையோடு ஊர் திரும்பிய தோழி, அடுத்து வந்த ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"வாங்க மேடம், ரயில்வே ஸ்டேஷன் பேனர்ல உங்க பல்லு மட்டும்தான் தெரியுது" என்றாள் மகள்.

"அத்த வுடுடி, அந்த போட்டோ எங்கப்பா செலக்சன்."

சிரித்துக்கொண்டே பையிலிருந்து முட்டியில் மாட்டும் கறுப்பு உறை ஒன்றை எடுத்து மகள் மடியில் போட்டாள். "முட்டி இப்ப எப்டி கீது? ஜவ்வு கிழிஞ்சிச்சின்னு கோச் அப்பவே சொன்னாரு. உன்னாண்ட கேக்கவே கூடாதுன்னாரு, இத்தினி வருசமா வாய மூடிகினு கீறேன். டீம்ல நாங்க இதான் போட்றோம், உனுக்கும் ஒண்ணு வாங்கியாந்தேன். அடுத்த ஞாயித்துக்கெயம சும்மா ஆட்றதுக்காவது கிரவுண்டுக்கு வா."

நான் கேசரித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தேன். மகள் அந்த உறையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இப்ப பரவால்லடி" என்றாள். "மழக்காலத்துலதான் கொஞ்சம் வலிக்கும்."

தோழி போனபின் கத்துவாள் என்று காத்திருந்தேன். கேசரித் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அந்த வாரம் முழுவதும் வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள். மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளைப் பகலெல்லாம் மனதுக்குள் சொல்லிப்பார்ப்பேன். அவள் உள்ளே வந்ததும், "தோசை ஊத்தட்டுமா?" என்றுதான் வாயில் வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் உட்கார்ந்து புது ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்த உறை.

"அம்மா, எந்தக் கால்னு எழுதி வாங்கின?"

"இடது" என்றேன்.

இடது முட்டியில் அதை ஏற்றி இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கினாள்.